ஜிசி-எம்எஸ்ஸில் கொழுப்பு அமிலங்களைக் கண்டறிவது: சேலத்துச் செக்கெண்ணெயில் தொடங்கி ஏற்காட்டுக் காபிக்கொட்டை வரை

ஜிசி-எம்எஸ் என்பது கலவையை ஆவியாக்கி நீளமான குழாயில் ஓட்டிப் பிரித்து (ஜிசி), பிரிந்து வரும் ஒவ்வொன்றையும் உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் (எம்எஸ்) கருவி. அதை வைத்து எழுதும் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் பட்டியல் ஒன்று உண்டு. முப்பது நாற்பது சேர்மங்களின் பெயர், எதிரே பீக்கின் (ஒவ்வொரு சேர்மத்துக்கும் வரைபடத்தில் எழும் முகடு) பரப்பளவு சதவீதம், அதற்கும் எதிரே ஒவ்வொன்றின் மருத்துவக் குணம். நடுவில் டைபியூட்டைல் தாலேட் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு, புற்று எதிர்ப்பு என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் அது பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள். பெரும்பாலும் சாறு வைத்திருந்த டியூபிலிருந்து வந்திருக்கும். இதில் கருவியின் குற்றம் எதுவும் இல்லை. தன் நூலகத்தில் (தெரிந்த சேர்மங்களின் பதிவுத் தொகுப்பு) உள்ளவற்றில் மிக நெருங்கிய பெயரை மென்பொருள் நீட்டுகிறது, அவ்வளவுதான். அந்தப் பெயர் சரியா என்று பார்க்க வேண்டியது நாம்.

லிப்பிட் (கொழுப்பும் அதைச் சார்ந்த பொருள்களும்) பக்கம் புதிதாக வருகிறவர்கள் அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கருவி உங்கள் துறையிலேயே இருந்தாலும் சரி, மாதிரியைத் தயார் செய்து கோவைக்கோ சென்னைக்கோ ஓட்டக் கொடுத்தாலும் சரி, முறை ஒன்றுதான்.

எந்த மாதிரியில் தொடங்குவது

விடை ஏற்கெனவே தெரிந்த மாதிரியில் தொடங்குங்கள். பெயர் தெரியாத மூலிகையில் தொடங்கினால் கிடைத்த விடை சரியா தப்பா என்று சொல்ல ஆளே இருக்காது. சேலத்தில் இதற்குப் பஞ்சமில்லை. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் ஒரே நடையில் கிடைக்கும். முடிந்தால் கண்ணெதிரே ஆட்டும் இடத்தில், கொண்டுபோன கண்ணாடிப் புட்டியில் வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் ஏறத்தாழ பாதி. மிரிஸ்டிக் 17 முதல் 21 சதவீதம். நல்லெண்ணெயில் ஓலியிக்கும் லினோலியிக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாக 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கடலை எண்ணெய்க்கு என்று ஒரு கையெழுத்து உண்டு: 20, 22, 24 கார்பன் கொண்ட அரக்கிடிக், பெஹெனிக், லிக்னோசெரிக் அமிலங்கள் சிறிய அளவில் வரிசையாக வரும். அதன் பால்மிடிக் வழக்கமாக 14 சதவீதத்தைத் தாண்டாது. பாமாயிலிலோ அது 40 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். கடலை எண்ணெய் என்று வாங்கியதில் பால்மிடிக் 20ஐத் தாண்டி, நீளச் சங்கிலிகள் மெலிந்து தெரிந்தால் என்ன கலந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பொருள் என்று ஜவ்வரிசியைக் கொண்டுவராதீர்கள். அது முழுக்க ஸ்டார்ச்; லிப்பிட் தேடுகிறவருக்கு அதில் வேலை இல்லை.

எண்ணெயில் கை பழகியபின் ஏற்காட்டுக்குப் போகலாம். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பார்கள். பச்சைக் காபிக்கொட்டையில் அரபிகாவில் 15 சதவீதம் அளவுக்கும், ரோபஸ்டாவில் 10 சதவீதம் அளவுக்கும் லிப்பிட் இருக்கிறது. அதில் முக்கால் பங்கு டிரைகிளிசரைடு, அதாவது மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு இணைந்த கொழுப்பு. மீதியில் கஃபெஸ்டால், கஹ்வியால் என்ற டைடெர்பீன்களின் எஸ்டர்களும் ஸ்டெரால்களும் அடங்கும். எண்ணெயைவிடச் சிக்கலானது, அதனாலேயே அதைவிடச் சுவையானது.

ஏன் எஸ்டராக்க வேண்டும்

ஜிசியில் ஓட வேண்டுமென்றால் பொருள் ஆவியாக வேண்டும். டிரைகிளிசரைடின் மூலக்கூறு நிறை 850ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் கேப்பிலரி குழாயில் அது நகராது. உடைத்து வரும் கொழுப்பு அமிலம் ஆவியாகும், ஆனால் அதன் அமிலத் தலை குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டு பீக்கை இழுத்து வாலாக்கிவிடும். அந்தத் தலையை மெத்தனாலோடு இணைத்து மெத்தில் எஸ்டராக மாற்றினால் இரண்டு தொல்லையும் ஒரே அடியில் தீரும்.

எண்ணெய்க்கு மிக எளிய வழி குளிர்முறை. 0.1 கிராம் எண்ணெயை 2 மில்லி ஹெப்டேனில் கரையுங்கள். மெத்தனாலில் கரைத்த 2 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மில்லி சேருங்கள். மூடி, அரை நிமிடம் பலமாகக் குலுக்கி, அடுக்குகள் பிரியும்வரை வையுங்கள். மேலடுக்கில் எஸ்டர் இருக்கும். அதை அப்படியே ஏற்றிவிடக் கூடாது. மில்லிக்கு 50 மில்லிகிராம் என்பது எம்எஸ்ஸுக்கு மிக அதிகம். ஐம்பது மடங்கு நீர்த்து மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பீக் சுறாத் துடுப்புபோல் ஒருபக்கம் சாய்ந்து வந்தால் இன்னும் நீர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

குளிர்முறைக்கு ஒரு வரம்பு உண்டு: தனி அமிலம் (கிளிசராலோடு சேராமல் தனியே நிற்கும் கொழுப்பு அமிலம்) அதிகமுள்ள எண்ணெயில் அது ஏமாற்றும். காரத்தோடு சேர்ந்த தனி அமிலம் சோப்பாகிக் கீழடுக்கில் தங்கிவிடும்; அது இருந்ததே உங்களுக்குத் தெரியாது. காறல் அடித்த பழைய எண்ணெய், ஈரத்தில் கிடந்த கொட்டை இவற்றுக்கு அமில முறைதான் சரி. 1 முதல் 2 சதவீதம் கந்தக அமிலம் கலந்த மெத்தனாலில் இறுக மூடி 60, 70 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு தண்ணீரும் ஹெக்சேனும் சேர்த்துப் பிரித்தெடுக்கலாம். போரான் ட்ரைஃபுளோரைடு–மெத்தனால் வேகமாக வேலை செய்யும், ஆனால் பழைய புட்டி நம்பத்தக்கதல்ல. அதுவே இல்லாத பீக்குகளை உண்டாக்கும்.

தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 8, 10 கார்பன் எஸ்டர்கள் சுலபமாகப் பறந்துவிடும். நைட்ரஜன் ஊதி உலர்த்தினால் கேப்ரிலிக் அமிலம் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

காபிக்கொட்டையை உடைப்பது

பச்சைக் கொட்டை கல்போல இருக்கும். சாதாரண மிக்சியில் தொடர்ந்து அரைத்தால் சூடேறி லினோலியிக் ஆக்சிஜனேற்றம் அடையும். திரவ நைட்ரஜன் இருந்தால் அதில் நனைத்து இடிக்கலாம். இல்லாவிட்டால் இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, சில விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டி அரையுங்கள். தோட்டத்திலிருந்து வாங்கும்போது நன்றாகக் காய்ந்த கொட்டையாகக் கேளுங்கள். ஈரப்பதம் 11, 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லைப்பேஸ் நொதி டிரைகிளிசரைடை உடைத்துக்கொண்டே இருக்கும். பை மேல் எந்தத் தோட்டம், எந்த உயரம், அரபிகாவா ரோபஸ்டாவா, பறித்த மாதம் எது என்று அன்றே எழுதி ஒட்டுங்கள். அடிவாரத்துக்கு இறங்கும் பஸ்ஸிலேயே எந்தப் பை எது என்று குழம்பிவிடும்.

5 கிராம் பொடியை ஹெக்சேனில் சாக்ஸ்லெட் கருவியில் (கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துப் பொடியின் மேல் வடிப்பது) ஆறு மணி நேரம் எடுத்தால் நடுநிலை லிப்பிட் எல்லாம் வந்துவிடும். பாஸ்போலிப்பிட் போன்ற முனைவுள்ளவையும் வேண்டுமென்றால் குளோரோஃபார்ம்–மெத்தனால் 2:1 கலவை. 1957இல் வந்த ஃபோல்ச் முறை இது. கிராமுக்கு 20 மடங்கு கரைப்பான் கேட்கும். 1959இல் வந்த பிளை–டயர் முறை குறைந்த கரைப்பானில் வேலையை முடிக்கும், ஈரமான திசுக்களுக்கு வசதி, ஆனால் கொழுப்பு நிறைந்த மாதிரியில் குறைவாகவே எடுக்கும். காபிக்கு நான் சாக்ஸ்லெட்டையோ ஃபோல்ச்சையோதான் சொல்வேன். குளோரோஃபார்மை ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரிக்கு வெளியே திறக்காதீர்கள். மார்ச் மாதத்துச் சேலம் வெயிலில் ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைப்பது தற்கொலைக்குச் சமம்.

குளோரோஃபார்ம், ஹெக்சேன் எதுவானாலும் பிளாஸ்டிக் டியூபைத் தொடக் கூடாது. கண்ணாடிக் குப்பி, டெஃப்ளான் பூசிய மூடி, கண்ணாடி பிப்பெட். கையுறையில்லாத விரல் பட்டால் தோலின் ஸ்குவாலீன் வந்து சேரும். ‘இந்த இலையில் ஸ்குவாலீன் இருக்கிறது’ என்று எழுதிய கட்டுரைகளில் எத்தனை விரல்ரேகைகள் இருக்கின்றனவோ.

காபிக்கு எஸ்டராக்கும்போது காரம் நல்லது, அமிலம் வேண்டாம். அமிலத்தில் கஃபெஸ்டாலும் கஹ்வியாலும் சிதையும். கொழுப்பு அமிலங்கள் மட்டும் போதும் என்றால் எந்த வழியும் சரி. ஆனால் வரும் பால்மிடிக்கில் ஒரு பங்கு டைடெர்பீன் எஸ்டர்களிலிருந்து வந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

கருவியில் ஏற்றும் முன்

ஆரம்பத்துக்குப் பொருத்தமான அமைப்பு: 5 சதவீதம் ஃபீனைல் பூச்சுள்ள 30 மீட்டர் குழாய், உள்விட்டம் 0.25 மில்லிமீட்டர், பூச்சு 0.25 மைக்ரோமீட்டர். ஹீலியம் நிமிடத்துக்கு 1 மில்லி. இன்ஜெக்டர் 250 டிகிரி, 1 மைக்ரோலிட்டர், ஸ்பிளிட் (ஏற்றியதில் குழாய்க்குள் போகும் பங்கு) 1:50. ஓவன் 120 டிகிரியில் ஒரு நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 280 வரை, அங்கே பத்து நிமிடம். அயனியாக்கும் எலக்ட்ரான் ஆற்றல் 70 எலக்ட்ரான் வோல்ட். நூலகங்கள் எல்லாம் இந்த ஆற்றலில்தான் பதிவானவை, மாற்றாதீர்கள். ஸ்கேன் (அளக்கும் அயனி நிறைகளின் எல்லை) 40 முதல் 550 வரை.

ஓட்டித் தருபவரிடம் முதலில் ட்யூனிங் அறிக்கையை (கருவி நிறையைச் சரியாக அளக்கிறதா என்று காட்டுவது) கேளுங்கள். சோதனைப் பொருள் தரும் 69, 219, 502 என்ற மூன்று அயனிகளும் தம் இடத்தில் இருக்கின்றனவா, 18, 28, 32 எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நைட்ரஜனின் 28, தண்ணீரின் 18ஐவிட ஓங்கி நின்றால் எங்கேயோ காற்று கசிகிறது. மின்சாரம் போய் வந்த நாளில் வெற்றிடம் சரியாக ஏறுவதற்குள் உங்கள் மாதிரியை ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.

பிறகு இந்த வரிசையில் ஓட்டச் சொல்லுங்கள்: வெறும் கரைப்பான், வெற்றுமாதிரி, ஆல்கேன் கலவை (நேரத்தை ஒப்பிட உதவும் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள்), எஸ்டர் தரக்கலவை (பெயர் தெரிந்த எஸ்டர்கள்), உங்கள் மாதிரி, மறுபடி வெறும் கரைப்பான். வெற்றுமாதிரி என்பது எண்ணெயோ கொட்டையோ இல்லாமல், மற்றெல்லாம் அதே குப்பி, அதே கரைப்பான், அதே குலுக்கலோடு தயார் செய்தது. காசு மிச்சம் என்று பலரும் முதலில் வெட்டுவது இதைத்தான். மற்ற எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். டைபியூட்டைல் தாலேட்டின் 149 அயனி அதில் தலைகாட்டினால், பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்க வேறு சான்று தேவையில்லை. அந்தத் தாலேட் பீக் தனி பால்மிடிக் அமிலத்தின் பீக்குக்கு மிக அருகே விழுவது கூடுதல் குறும்பு. குழாயும் செப்டமும் உதிர்க்கும் சிலிக்கான் சேர்மங்கள் 73, 207, 281 என்று வரும். ‘சைக்ளோட்ரைசிலாக்சேன்’ என்ற பெயரைச் செடியின் கணக்கில் எழுதாதீர்கள். பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஓலியமைடு 59, 72 காட்டும்.

ஆல்கேன் கலவையை மாதிரியோடு கலந்துவிடாதீர்கள். 21 கார்பன் ஆல்கேன், ஓலியிக் அமிலத்தின் எஸ்டரான ஓலியேட்டின் மேலேயே வந்து உட்காரும். தனியாக ஓட்டுங்கள், அதே ஓவன் நிரலில்.

முதல் சாட்சி: எப்போது வெளிவருகிறது

நிமிடக் கணக்கை வைத்து யாரிடமும் வாதாட முடியாது. குழாயை ஒரு முழம் வெட்டினாலே நேரம் மாறிவிடும். அதனால் ஆல்கேன்களோடு ஒப்பிட்டு ரிடென்ஷன் இன்டெக்ஸாக மாற்ற வேண்டும். 19 கார்பன் ஆல்கேனுக்கு 1900, 20க்கு 2000. உதாரணமாக 19 கார்பன் 22.40 நிமிடத்திலும் 20 கார்பன் 24.40 நிமிடத்திலும் வந்து, உங்கள் பீக் 22.92இல் வந்தால், இடைவெளியில் 0.52ஐ 2.00ஆல் வகுத்து நூறால் பெருக்க 26 வருகிறது. இன்டெக்ஸ் 1926. இந்தக் குழாயில் மெத்தில் பால்மிடேட் நிற்கும் இடம் அதுவேதான். மெத்தில் ஸ்டியரேட் 2128ஐ ஒட்டி வரும்.

குழாயின் வகையைத் தெரிந்துகொள்ளாமல் வரிசையைப் பற்றிப் பேசக் கூடாது. 5 சதவீதம் ஃபீனைல் குழாயில் லினோலியேட், ஓலியேட் முன்னால் வரும், ஸ்டியரேட் பின்னால். முனைவுள்ள வேக்ஸ் குழாயில் அப்படியே தலைகீழ்: ஸ்டியரேட், ஓலியேட், லினோலியேட், லினோலினேட். வேக்ஸ் குழாயில் ஓட்டிய தரவுக்கு மற்றக் குழாயின் இன்டெக்ஸை ஒப்பிட்டு எழுதிய அட்டவணைகள் அச்சிலேயே இருக்கின்றன.

இரண்டாம் சாட்சி: எப்படி உடைகிறது

நிதானமாக உட்கார வேண்டிய இடம் இதுதான். நூலகத்தைத் திறக்கும் முன் ஸ்பெக்ட்ரத்தை (துண்டு அயனிகளின் நிறையையும் அளவையும் காட்டும் படம்) உங்கள் கண்ணால் படியுங்கள். கொழுப்பு அமில மெத்தில் எஸ்டர்கள் படிக்க மிக எளியவை. ஒரு வாரம் பழகினால் நூலகம் சொல்லும் முன்பே நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

முதலில் மூலக்கூறு அயனி (உடையாமல் முழுதாக நிற்பது) எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். நிறைவுற்ற அமிலத்தின் மெத்தில் எஸ்டருக்கு, கார்பன் எண்ணிக்கையை 14ஆல் பெருக்கி 46ஐக் கூட்டினால் போதும். 16 கார்பன் பால்மிடிக்குக்கு 270. 18 கார்பன் ஸ்டியரிக்குக்கு 298. 12 கார்பன் லாரிக்குக்கு 214. கடலை எண்ணெயின் 24 கார்பன் லிக்னோசெரிக்குக்கு 382. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் 2 கழியும்: ஓலியேட் 296, லினோலியேட் 294, லினோலினேட் 292.

நிறைவுற்ற எஸ்டரில் 74தான் ஓங்கி நிற்கும். மெக்லாஃபெர்டி மறுசீரமைப்பால் வருவது அது: எஸ்டர் தலையிலிருந்து எண்ணினால் நான்காவதாக நிற்கும் கார்பனின் ஹைட்ரஜன் ஒன்று கார்பனைல் ஆக்சிஜனுக்குத் தாவ, இரண்டாவது மூன்றாவது கார்பன்களுக்கு நடுவே பிணைப்பு அறுந்து, எஸ்டர் தலை மட்டும் 74ஆக மிஞ்சும். கூடவே 87, 143, 199 என்று 56 இடைவெளியில் படிகள் தெரியும். மூலக்கூறு அயனியிலிருந்து 31 குறைந்தால் மெத்தாக்சி போய்விட்டது என்று பொருள். பால்மிடேட்டில் அது 239. 43 குறைந்தது 227. 74, 87, 227, 239, 270 ஐந்தும் ஒரே ஸ்பெக்ட்ரத்தில் இருந்தால் அது 16 கார்பன் நிறைவுற்ற அமிலத்தின் மெத்தில் எஸ்டர் என்பதில் சந்தேகம் வேண்டாம். சங்கிலி நேரா கிளையா என்பதை இன்டெக்ஸ் சொல்லும். கிளையுள்ளவை சற்று முன்னால் வந்துவிடும்.

ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் 74 பின்வாங்கி 55 முன்னால் வரும். மெத்தனால் கழிந்த 32 குறைவு தெளிவாக இருக்கும், ஓலியேட்டில் 264. பிறகு 74 குறைந்த 222, 116 குறைந்த 180. இரண்டு இரட்டைப் பிணைப்பில் 67, 81, 95 வரிசை. மூலக்கூறு அயனி 294 பளிச்சென்று தெரியும். மூன்றில் 79 முதலிடம். அங்கே ஒரு அழகு உண்டு: ஒமேகா-3 வகை லினோலினேட்டில் 108 அயனி எழும், ஒமேகா-6 வகையான காமா லினோலினேட்டில் 150 எழும். இரண்டுக்கும் மூலக்கூறு நிறை ஒன்றே, 292. அந்த ஒற்றை அயனியை வைத்தே பிரித்துவிடலாம்.

பீக்கின் உச்சியில் மட்டும் ஸ்பெக்ட்ரத்தை எடுக்காதீர்கள். ஏறும் சரிவில் ஒன்று, உச்சியில் ஒன்று, இறங்கும் சரிவில் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். மூன்றும் வேறுபட்டால் அங்கே இரண்டு சேர்மங்கள் ஒளிந்திருக்கின்றன. 5 சதவீதம் ஃபீனைல் குழாயில் லினோலியேட்டும் ஓலியேட்டும் ஒட்டி வரும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். பின்னணியைக் கழிக்கும்போது பீக்குக்கு மிக அருகே உள்ள தட்டையான இடத்தைக் கழியுங்கள்.

நூலகம்

இப்போது திறக்கலாம். மென்பொருள் 999க்கு மதிப்பெண் தரும். 900க்கு மேல் மிக நல்லது, 800க்கு மேல் நல்லது, 600க்குக் கீழே ஒதுக்கிவிடுங்கள். ஆனால் எண்ணை மட்டும் பார்க்காமல், முதல் பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். மெத்தில் ஓலியேட்டைத் தேடினால் முதல் பத்துப் பெயரும் 18 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்புள்ள எஸ்டர்களாகவே இருக்கும். மதிப்பெண் 2, 3தான் வித்தியாசப்படும். எல்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பி ஜாடை. பிணைப்பு 9ஆம் கார்பனிலா 11இலா, சிஸ்ஸா டிரான்ஸா (சங்கிலி பிணைப்பின் ஒரே பக்கமா, எதிரெதிர்ப் பக்கமா) என்று எலக்ட்ரான் மோதல் ஸ்பெக்ட்ரம் சொல்லாது, ஏனென்றால் அயனியானவுடன் இரட்டைப் பிணைப்பு சங்கிலியில் இடம் மாறிவிடுகிறது. முதலில் வந்த பெயர் ‘6-ஆக்டாடெசினாயிக் அமில மெத்தில் எஸ்டர்’ என்றிருந்தால், கடலை எண்ணெயில் பெட்ரோசெலினிக் அமிலம் கண்டுபிடித்ததாக எழுதிவிடாதீர்கள். அது கொத்தமல்லி விதையின் குடும்பத்துச் சொத்து.

அந்த இடத்தை உறுதி செய்ய வழிகள் உண்டு. டைமெத்தில் டைசல்ஃபைடைச் சிறிது அயோடினோடு சேர்த்தால் இரட்டைப் பிணைப்பின் இரு கார்பனிலும் மெத்தில்தயோ தொகுதி ஒட்டிக்கொள்ளும். ஸ்பெக்ட்ரம் சரியாக அங்கேயே உடையும். மெத்தில் ஓலியேட்டுக்கு 390 மூலக்கூறு அயனி, 173, 217 என்ற இரு துண்டுகள். 11ஆம் கார்பனில் பிணைப்பு இருந்தால் துண்டுகள் 145, 245 என்று மாறும். பல இரட்டைப் பிணைப்புள்ளவற்றுக்கு இது சிக்கலாகும். அதற்கு டைமெத்தில் ஆக்சசோலின் வழிப்பொருள் செய்வார்கள். அதில் துண்டுகள் 14, 14 என்று இறங்கிவரும் வரிசையில் ஓரிடத்தில் 12 மட்டும் இடைவெளி விழும். பிணைப்பு அங்கே இருக்கிறது. சிஸ், டிரான்ஸ் பிரிக்க வேண்டுமென்றால் வேதியியலைவிட 100 மீட்டர் சயனோபுரொபைல் குழாய் எளிது.

ஸ்டெரால்கள், டைடெர்பீன்கள், ஆமணக்கு

காபி லிப்பிட்டில் காரத்தோடு சோப்பாகாத பகுதியைத் தனியே எடுத்தால் சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால், கேம்பெஸ்டெரால் கிடைக்கும். ஹைட்ராக்சில் தொகுதியை மூடாமல் ஏற்றினால் பீக் அசிங்கமாக இழுக்கும். 1 சதவீதம் டிஎம்சிஎஸ் கலந்த பிஎஸ்டிஎஃப்ஏ என்ற சிலைலாக்கும் வினைபொருளைச் சேர்த்து 70 டிகிரியில் அரை மணி வைத்து ட்ரைமெத்தில்சிலைல் ஈதராக்குங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் வினைபொருள் வீணாகும்; மழை நாளில் ஏற்காட்டில் இதைச் செய்வதைவிட மலையிறங்கி வந்து செய்யலாம். சிட்டோஸ்டெரால் ஈதர் 486, 396, 357, 129 காட்டும். கேம்பெஸ்டெரால் அதைவிட ஒரு மெத்திலீன் குறைந்து 472, 382, 343, அதே 129. ஸ்டிக்மாஸ்டெராலுக்கு 484, 394, கூடவே 83, 255. அவற்றுக்குச் சற்று முன்னால் 458, 368, 329, 129 வந்தால் கொலஸ்டெரால். செடியில் அதன் அளவு சொற்பம் என்பதால், பெரிதாகத் தெரிந்தால் முதலில் உங்கள் விரல்களைச் சந்தேகியுங்கள்.

அரபிகாவில் ரோபஸ்டா கலந்திருக்கிறதா என்று பார்க்க உதவுவது 16-ஓ-மெத்தில்கஃபெஸ்டால். ரோபஸ்டாவில் தாராளம், அரபிகாவில் மிகச் சொற்பம், வறுத்தாலும் தாக்குப்பிடிக்கும். சேலம் லீ பஜாரில் வாங்கிய பொடியிலும் தேடலாம். சிக்கரி கலந்த பொடி என்றால் லிப்பிட் மொத்த அளவே இறங்கிவிடும். அதனால் பொடியின் எடைக்குக் கணக்குப் போடாமல் எடுத்த லிப்பிட்டின் எடைக்குப் போடுங்கள்.

ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டத்தில் ஆமணக்கெண்ணெயை விட்டுவிட முடியாது. அதன் ரிசினோலியிக் அமிலம் 85 முதல் 90 சதவீதம். 12ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் இருப்பதால் மெத்தில் எஸ்டரோடு நிறுத்தாமல் அதையும் சிலைல் ஆக்குங்கள். ஹைட்ராக்சில் இருந்த கார்பனுக்கு இருபுறமும் சங்கிலி அறுந்து 187, 299 என்ற இரு துண்டுகள் தரும். 187 சங்கிலியின் வால்பக்கம், 299 எஸ்டர் பக்கம். காகிதத்தில் கட்டமைப்பை வரைந்து, இரண்டு துண்டின் நிறையையும் அணு அணுவாக நீங்களே கூட்டிப் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் படிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அட்டவணை எழுதும்போது

வளர்சிதைப் பொருள் ஆய்வுக்காக 2007இல் வகுத்த நான்கு நிலைகளை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். தூய தரப்பொருளை அதே கருவியில் அதே நாளில் ஓட்டி, இன்டெக்ஸும் ஸ்பெக்ட்ரமும் இரண்டும் பொருந்தினால் முதல் நிலை. தரப்பொருள் இல்லாமல் நூலகமும் அச்சிலுள்ள இன்டெக்ஸும் மட்டும் பொருந்தினால் இரண்டாம் நிலை. வகை மட்டும் தெரிந்தால் மூன்றாம் நிலை. ‘20 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு, இடம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாதது நான்காம் நிலை. ஒவ்வொரு வரியிலும் சேர்மம், கணக்கிட்ட இன்டெக்ஸ், அச்சில் உள்ள இன்டெக்ஸ், அடையாளம் காட்டும் மூன்று நான்கு அயனிகள், நிலை எண் இவை இருக்கட்டும். 37 எஸ்டர்கள் கொண்ட தரக்கலவை விலை அதிகம்தான். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, பிரித்து, ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வகுப்பே முதல் நிலைக்குப் போய்விடலாம்.

பரப்பளவு சதவீதத்தை எடைச் சதவீதமாக எழுதாதீர்கள். எம்எஸ் ஒவ்வொரு எஸ்டரையும் ஒரே அளவில் உணர்வதில்லை. அளவு வேண்டுமென்றால் 17 கார்பன் மார்கரிக் அமிலத்தின் டிரைகிளிசரைடை அளந்து, பிரித்தெடுக்கும் முன்பே மாதிரியில் சேர்த்து, அதோடு ஒப்பிடுங்கள். அல்லது அதே எஸ்டரை எஃப்ஐடி உணரியில் (தீச்சுடரில் எரித்து அளப்பது) தனியே ஓட்டுங்கள்.

ஓட்டக் கொடுத்த இடத்திலிருந்து பிடிஎஃப் அறிக்கையோடு மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், வெற்றுமாதிரியின் கோப்பு உட்பட. பிடிஎஃப்பில் இருப்பது வேறொருவர் தேர்ந்த ஸ்பெக்ட்ரம்; கோப்பு கையில் இருந்தால்தான் பீக்கின் சரிவுகளில் ஏறி இறங்கிப் பார்க்க முடியும். மிஞ்சிய எஸ்டரைக் கண்ணாடிக் குப்பியில், மேலே நைட்ரஜன் ஊதி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். வைவா முடியும்வரை அது உங்களுக்குத் தேவைப்படும்.